ஆறு மணி நேரக் கணக்கு

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தை விரலால் தடவினால், முட்டியிலிருந்து கணுக்கால் வரை எலும்பு நேராகத் தட்டுப்படும். தொடையில் அப்படித் தட்டுப்படாது. அங்கே எலும்பைச் சுற்றி நாலா பக்கமும் கனத்த சதை. டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்புக்கு மூன்று முகங்கள் உண்டு. அவற்றில் உட்புற முகத்தின் மேல் தோலும் அதன் அடியில் மெல்லிய கொழுப்பும் மட்டுமே இருக்கின்றன. பைக்கிலிருந்து விழுந்தவரின் காலில் இந்த எலும்பு முறிந்தால், முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதைத் தடுக்க அங்கே வேறொன்றும் இல்லை. நீண்ட எலும்புகளில் திறந்த முறிவு, அதாவது உடைந்த இடம் காயத்தின் வழியே வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முறிவு, டிபியாவில்தான் மிக அதிகம். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறக்காமல் தப்பியவர்களில் இப்படிக் கால் உடைந்து வருபவர்களைப் பார்க்காத விபத்துப் பிரிவு எதுவும் இருக்க முடியாது. உடைந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவதற்கு இன்று ராடும் பிளேட்டும் இருக்கின்றன. அந்த வித்தை நன்றாகவே வளர்ந்துவிட்டது. சீழ் பிடிக்காமல் அது சேர்வதுதான் சிக்கல். எலும்புக்குள் கிருமி குடியேறிவிட்டால், ஒரே காலுக்கு ஆண்டுக்கணக்கில் அறுவை மேல் அறுவை நடக்கும். சில வேளைகளில் கடைசியில் கால் போய்விடும்.

இதைத் தடுப்பதற்கு எலும்பு மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்துவந்த விதி ஒன்று உண்டு: திறந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அரங்கில் வைத்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். நள்ளிரவில் வந்தால் நள்ளிரவிலேயே. இந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1898இல் லைப்சிக் நகரின் பால் லியோபோல்ட் ஃப்ரீட்ரிக்கிடம் போய் நிற்போம். கினிப் பன்றிகளின் தசையைக் கீறி, அதில் தோட்டத்து மண்ணையும் படிக்கட்டுத் தூசியையும் வைத்தார் அவர். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் காயத்தை முழுவதுமாக வெட்டி எடுத்த விலங்குகள் பிழைத்தன. அதற்குப் பிறகு வெட்டியதால் பயன் குறைந்தது. அந்தக் காலத்துக்கு அது சிறந்த ஆய்வு. ஆனால் அதில் முறிந்த எலும்பு இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, மனிதரும் இல்லை. அந்த எண் மட்டும் நூறாண்டுக்கு மேல் விதியாக நின்றது. டிபியாவின் திறந்த முறிவில் இந்த ஆறு மணி நேரம் கவனத்தைத் தவறான இடத்தில் நிறுத்திவைத்துவிட்டது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஆன்டிபயாடிக் எந்த நிமிடத்தில் ஏறியது, செத்த சதையை யார் எவ்வளவு ஒழுங்காக வெட்டினார், எலும்பின் மேல் உயிருள்ள சதை எந்த நாளில் வந்து மூடியது ஆகிய மூன்றுமே கிருமியின் கதியைத் தீர்மானிக்கின்றன. காயம்பட்டவர் அறுவை அரங்கின் வாசலைக் கடந்த நேரம் இவற்றுக்கு வெகுவாகப் பின்தங்கியே வருகிறது.

காயத்துக்குள் மருந்தை ஊற்றிக் கிருமியைக் கொன்றுவிடலாம் என்ற எண்ணம் இன்னும் பழையது. நவீன அறுவை மருத்துவம் தொடங்கியதே ஒரு டிபியா முறிவில்தான் என்று சொல்லலாம். 1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்தார் ஜோசப் லிஸ்டர். ஆறு வாரங்களில் எலும்பு சீழின்றிச் சேர்ந்தது. 1867இல் அவர் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட 11 திறந்த முறிவுகளில் ஒருவர் இறந்தார், ஒருவர் உறுப்பை இழந்தார், ஒன்பது பேர் முழுதாக வீடு திரும்பினர். திறந்த முறிவு என்றாலே காலை வெட்டிவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில் இது பெரும் புரட்சி. அந்தப் புரட்சியின் நிழல் நீண்டது. காயத்தின் எதிரி கிருமி, கிருமியின் எதிரி ரசாயனம் என்ற இரண்டு வரிச் சூத்திரம் மருத்துவர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதை முதலில் ஆட்டம் காணவைத்தவர், பின்னாளில் பெனிசிலினால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஃபிளெமிங். முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகரில் ஆம்ரோத் ரைட்டின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது, ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி அதன் சுவரிலிருந்து கூர்மையான பொந்துகளை இழுத்து, குண்டு துளைத்த காயத்தின் மாதிரி ஒன்றை உருவாக்கினார். அதில் கிருமி கலந்த சீரத்தை நிரப்பிக் கொட்டினார். கிருமிநாசினியை நிரப்பிக் கொட்டினார். பிறகு சுத்தமான சீரத்தை ஊற்றி வைத்தார். மறுநாள் அது பழையபடி நாறியது. பொந்துகளின் கடைக்கோடிக்கு மருந்து போகவே இல்லை. காயத்தில் ஊற்றும் மருந்து கிருமிக்கு முன்பாக உடலின் வெள்ளணுக்களைக் கொல்கிறது என்பதையும் அவர் காட்டினார். நூறாண்டு கழித்து இதே பாடம் வேறு வடிவில் திரும்பியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் 41 மையங்களில் நடந்த ‘ஃப்ளோ’ ஆய்வில் 2,447 திறந்த முறிவு நோயாளிகளை ஒப்பிட்டார்கள். சிலரின் காயத்தைச் சோப்புக் கரைசலாலும் சிலரின் காயத்தை வெறும் சலைனாலும் கழுவினார்கள். பீய்ச்சும் அழுத்தத்தையும் மூன்று விதமாக மாற்றினார்கள். 2015இல் முடிவு வெளியானது. சோப்பில் கழுவப்பட்டவர்களில் 14.8 சதவீதம் பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது, சலைனில் 11.6 சதவீதம். அழுத்தத்தைக் கூட்டியதால் எந்த லாபமும் இல்லை. விலையுயர்ந்த பீய்ச்சுக் கருவி செய்த வேலையை உயரத்தில் தொங்கவிட்ட சலைன் பாட்டிலும் செய்தது. அழுக்கைக் கழுவி வெளியேற்றுவது அவசியம். ஆனால் கழுவும் நீருக்குள் எதைக் கலந்தாலும் காயத்தின் உயிருள்ள சதைக்கு அது விருந்தாளி அல்ல.

கிருமி காயத்துக்குள் போவதாலேயே சீழ் பிடிப்பதில்லை என்பது இங்கே முக்கியம். 1957இல் எலெக், கோனன் இருவரும் மனிதத் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். ஆரோக்கியமான தோலில் சீழ் வரப் பத்து லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தன. உயிரற்ற ஒரு நூலிழை உடலின் தற்காப்பை ஆயிரக்கணக்கான மடங்கு குறைத்துவிட்டது. முறிந்த டிபியாவில் நூலிழைக்குப் பதில் என்னென்ன கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: நசுங்கிச் செத்த தசை, ரத்த ஓட்டம் அறுந்து தனியாகப் பிரிந்த எலும்புச் சில்லுகள், உறைந்த ரத்தம், பேண்ட் துணியின் நார், தார் ரோட்டு மண். எலும்பின் உள்பகுதிக்கு ரத்தம் தருவது மச்சைக் குழியில் ஓடும் தமனி. வெளிப்பகுதிக்குத் தருவது மேலுள்ள சவ்வும் அதை ஒட்டிய சதையும். மோதிய வேகத்தில் உள்தமனி அறுந்து, வெளிச்சவ்வும் உரிந்துபோனால் அந்த எலும்புத் துண்டு உடலுக்குள்ளேயே அந்நியப் பொருளாகிவிடுகிறது. அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தை உருவாக்கிக்கொள்ளும். அதற்குப் பின் வெள்ளணுவும் மருந்தும் அவற்றை எளிதில் தொட முடியாது. ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாகத்தான் பயணிக்கிறது. சாலையில்லாத ஊருக்கு லாரி போகாது.

இதற்கான மருத்துவச் சான்றைத் தந்தவர் மினியாபோலிஸ் நகரின் ரமோன் கஸ்டிலோ. 1976இல் ஆண்டர்சனோடு சேர்ந்து 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து மூன்று வகையாகப் பிரித்தார். 1984இல் மூன்றாம் வகையையே மேலும் மூன்றாக உடைத்தார். காயம் பெரிதானாலும் எலும்பை மூடப் போதிய சதை மிஞ்சியிருப்பது 3ஏ. எலும்பு வெளியே தெரிய, மூடச் சதை இல்லாதது 3பி. சரிசெய்தே ஆக வேண்டிய தமனிக் காயமும் சேர்ந்தது 3சி. 3ஏவில் தொற்று 4 சதவீதம், 3பியில் 52, 3சியில் 42. நான்குக்கும் ஐம்பத்திரண்டுக்கும் இடையே பாயும் இந்தப் பள்ளத்தை எப்படி விளக்குவது? 3பி காயங்களில் அழுக்கும் அதிகம், சவ்வு உரிதலும் அதிகம் என்பது உண்மையே. ஆனால் வகைப்பிரிவின் கோடு அழுக்கின் அளவை ஒட்டிப் போடப்படவில்லை. சதை மிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை ஒட்டிப் போடப்பட்டது. அந்தக் கோட்டின் இருபுறமும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரிவதே சதையின் பங்கைச் சொல்கிறது.

ஆன்டிபயாடிக்கின் பங்கை இதனால் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1974இல் லாஸ் ஏஞ்சலிஸில் பட்சாகிஸ் குழுவினர் செய்த ஒப்பீட்டு ஆய்வில், மருந்தே தராதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது. செஃபலோத்தின் தந்தவர்களில் 2.3 சதவீதம். திறந்த முறிவு மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான பலன் வேறெதிலும் அரிது. 2015இல் லாக் குழுவினர் வெளியிட்ட, டிபியாவின் மூன்றாம் வகை முறிவு 137 பேரைப் பற்றிய ஆய்வு இன்னும் நுட்பமானது. காயம்பட்ட 66 நிமிடங்களுக்குள் மருந்து ஏறி, ஐந்து நாளுக்குள் காயம் மூடப்பட்ட 36 பேரில் ஒருவருக்கே தொற்று. இரண்டில் ஒன்று தாமதமான 59 பேரில் ஆறு பேருக்கு. இரண்டுமே தாமதமான 42 பேரில் 17 பேருக்கு, அதாவது 40.5 சதவீதம். பழைய பதிவுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் இதற்கு எல்லைகள் உண்டு. மிக மோசமாக அடிபட்டவர்களுக்கு மற்ற உயிர்காப்பு வேலைகளால் இரண்டுமே தாமதமாகியிருக்கலாம். அப்படியிருந்தும் எண்கள் சுட்டும் திசை சந்தேகத்துக்கு இடமில்லாதது. இன்னொரு பக்கம், மருந்தை நாள்கணக்கில் இழுத்தடிப்பதற்கு ஆதாரம் மெலிந்தே இருக்கிறது. 1988இல் டெலிங்கர் குழுவினர் ஒரே நாள் மருந்தையும் ஐந்து நாள் மருந்தையும் ஒப்பிட்டபோது தொற்றில் வேறுபாடு தெரியவில்லை. இருந்தும் நம் வார்டுகளில் ‘பாதுகாப்புக்கு’ என்று இரண்டு வாரம், மூன்று வாரம் மருந்து ஏறிக்கொண்டிருப்பது சாதாரணக் காட்சி. முதல் மணி நேரத்தில் ஏறாத மருந்தைப் பத்தாம் நாளில் ஏற்றிச் சரிக்கட்ட முடியாது. அதற்குள் வார்டில் உலவும், மருந்துக்குப் பழகிப்போன கிருமிகளுக்கு அது பாதை திறந்துவிடும். காயத்தைத் திறந்தவுடன் எடுக்கும் மாதிரியில் வளரும் கிருமியும் பின்னாளில் சீழில் வளரும் கிருமியும் பெரும்பாலும் வேறு வேறாக இருப்பதும் இதனோடு பொருந்துகிறது. சாலையிலிருந்து ஏறிய கிருமியைவிட ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்த கிருமியே பலரின் எலும்பில் குடியேறுகிறது. காயம் திறந்து கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு வாய்ப்பு.

இப்போது ஆறு மணி நேரத்துக்குத் திரும்பலாம். அமெரிக்காவின் எட்டுப் பெரிய விபத்து மருத்துவமனைகளில் 315 கடுமையான கால் காயங்களை ஆராய்ந்து 2010இல் போலாக் குழுவினர் வெளியிட்ட முடிவில், 84 பேருக்கு, அதாவது 27 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. ஐந்து மணி நேரத்துக்குள் அறுவை அரங்குக்குப் போனவர்களுக்கும் பத்து மணி நேரம் கழித்துப் போனவர்களுக்கும் இதில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் உரிய மருத்துவமனையை வந்தடைய எடுத்த நேரத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. 2012இல் ஷெங்கர் குழுவினர் 16 ஆய்வுகளில் அடங்கிய 3,539 முறிவுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் தாமதத்துக்கும் தொற்றுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மோசமான காயங்களை மருத்துவர்கள் விரைந்து அறுவைக்கு எடுத்துப்போவார்கள், சிறிய காயங்களைக் காத்திருக்க வைப்பார்கள்; ஆகவே சீக்கிரம் நடந்த அறுவையின் பலன், காயத்தின் கொடுமையால் மறைந்துபோகலாம். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கித் தாமதப்படுத்தும் ஆய்வை யாரும் செய்யத் துணியமாட்டார்கள். ஆனால் காயத்தின் வகையைக் கணக்கில் கொண்ட பகுப்பாய்வுகளிலும் ஆறு மணியில் ஒரு விளிம்பு தென்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாமதம் தீங்கற்றது என்று இவை நிரூபிக்கவில்லை. ஐந்தேமுக்கால் மணி நேரத்துக்கும் எட்டு மணி நேரத்துக்கும் இடையே கால் தப்புவதும் போவதும் தீர்மானமாவதில்லை என்றே காட்டுகின்றன.

அடுத்த மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். விதியைத் தளர்த்தினால் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குக் கிடைக்கும்; எட்டு மணி நேரம் பதினெட்டாகும், பதினெட்டு முப்பதாகும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. ஆனால் ஆறு மணி விதி நடைமுறையில் எதைச் செய்தது என்று பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பயிற்சி மருத்துவர் ஒருவர், பக்கத்தில் மூத்தவர் யாரும் இல்லாமல், காயத்தைக் கழுவி ஓரத்தைக் கத்தரித்து ‘சுத்தம் செய்தாயிற்று’ என்று எழுதிவிடுவார். செத்த தசையை அடையாளம் காண்பது அனுபவத்தால் வரும் வேலை. நிறம் சரியில்லை, தொட்டால் கூழாக இருக்கிறது, மின்முனையால் தூண்டினால் சுருங்கவில்லை, வெட்டினால் ரத்தம் கசியவில்லை என்ற நான்கையும் கூட்டிப் பார்த்து, சந்தேகமான சதையையும் வெட்டி எறியும் துணிச்சல் வேண்டும். துணிச்சல் இல்லாதவர் விட்டுவைத்த அந்தச் சதை மூன்றாம் நாள் அழுகும். சதையோடு எந்த ஒட்டும் இல்லாத எலும்புத் துண்டு எவ்வளவு பெரிதானாலும் எடுத்துவிட வேண்டும். ‘எலும்பாயிற்றே, ஒட்டிக்கொள்ளும்’ என்று அதை உள்ளே விடுவதே பின்னாளில் சீழுக்கு விதை. பிரிட்டனின் எலும்பு, பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சேர்ந்து 2017இல் புதுப்பித்த வழிகாட்டுதல் இந்த மறுப்புக்கு நல்ல விடை. அது நேரத்தைக் கைவிடவில்லை, வகைப்படுத்தியது. மருந்து ஒரு மணி நேரத்துக்குள். சாக்கடை, வயல் சேறு, கடல்நீர் கலந்த காயம் என்றால் உடனே அறுவை. கடும் வேகத்தில் நேர்ந்த முறிவு 12 மணி நேரத்துக்குள், மற்றவை 24 மணி நேரத்துக்குள், இரு துறை மூத்த மருத்துவர்களும் உடனிருக்க. நிரந்தர மூடல் 72 மணி நேரத்துக்குள். ரத்தக் குழாய் அறுந்த கால் இந்தக் கணக்குகள் எதிலும் சேராது. அதற்கு உடனடி அறுவை என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மூடல் பற்றிய 72 மணி என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பவர் லியுப்லியானாவின் மார்கோ கோதினா. 532 பேருக்கு உடலின் வேறோரிடத்திலிருந்து சதையை ரத்தக் குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் காலில் பொருத்தினார். மூன்று நாளுக்குள் மூடப்பட்டவர்களில் தொற்று 1.5 சதவீதம், மூன்று நாள் முதல் மூன்று மாதம் வரை தாமதித்தவர்களில் 17.5 சதவீதம். இந்த முடிவுகளைச் சொல்லும் அவரது கட்டுரை 1986இல் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. அதே ஆண்டில் கார் விபத்தில் இறந்திருந்தார். காயத்தின் மேல் வந்து உட்காரும் தசை வெறும் மூடி அன்று. ரத்தத்தையும் வெள்ளணுவையும் ஆன்டிபயாடிக்கையும் எலும்பின் வாசலுக்கே கொண்டுவருகிறது. வெற்றிட உறிஞ்சுக் கட்டு இந்த இடத்தை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 2018இல் வெளிவந்த ‘வுல்ஃப்’ ஆய்வில் 460 பேரில் ஆழத் தொற்று, உறிஞ்சுக் கட்டுப் போட்டவர்களில் 7.1 சதவீதம், சாதாரணக் கட்டுப் போட்டவர்களில் 8.1, கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை.

அப்படியானால் முதல் நாளே மூடிவிடலாமே என்றால், பழைய போர்க்கள மருத்துவர்கள் பதறிப்போவார்கள். செத்த சதையை உள்ளே வைத்துத் தைத்ததால் வாயு அழுகல் வந்து செத்தவர்களை முதல் உலகப் போரில் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். காயத்தைத் திறந்தே வை என்ற அறிவுரை அந்த ரத்தத்தில் எழுதப்பட்டது. ஆனால் அந்த அறிவுரை மூடலுக்கு எதிரானதா, அரைகுறையாக வெட்டிவிட்டு மூடுவதற்கு எதிரானதா? இந்தக் கேள்விக்கு மிக நேர்த்தியான பதில்களில் ஒன்று கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர், கஸ்டிலோவின் 3பி என்ற ஒரே பெட்டிக்குள் மிகவும் வேறுபட்ட காயங்கள் அடைபட்டிருப்பதைக் கண்டு, தோல், எலும்பு, தசை மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் தந்து, நோயாளியின் பிற உபாதைகளுக்கும் மதிப்பெண் சேர்க்கும் முறையை 2006இல் வெளியிட்டார்கள். மொத்தம் 14 வரை காலைக் காப்பாற்றலாம், 17ஐ எட்டினால் வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 2009இல் அதே குழு, மூன்றாம் ஏ, பி வகை முறிவுகளில் கவனமாகத் தேர்ந்தெடுத்த 173 பேருக்கு முதல் அறுவையிலேயே தோலைத் தைத்து மூடி, குறைந்தது ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்து முடிவை வெளியிட்டது. 150 பேருக்கு மிகச் சிறந்த பலன், 12 பேருக்கு மோசமான பலன். தேர்வு விதிகளில்தான் விஷயம்: தோல் இழப்பு இருக்கக் கூடாது, விளிம்பில் ரத்தம் கசிய வேண்டும், இழுத்துப் பிடிக்காமல் தைக்க முடிய வேண்டும், சாக்கடை அழுக்கு கூடாது, எலும்பு அசையாமல் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் கிடைத்த வெற்றியை எல்லோருக்கும் நீட்டக் கூடாது என்று ஒருவர் சொன்னால் அது சரி. அந்தக் குழுவும் அப்படி நீட்டவில்லை. வெட்டுவது முழுமையாக இருந்தால் மூடுவது ஆபத்தில்லை என்பதே அங்கே நிறுவப்பட்டது.

உலோகத்தைப் பற்றிய ஐயம் எஞ்சியிருக்கிறது. பட்டு நூலே கிருமிக்கு இடம் கொடுக்கும் என்றால் ஓரடி நீளமுள்ள ராடு? கிருமிப் படலம் எஃகிலும் டைட்டானியத்திலும் தாராளமாகவே வளரும். ஆனால் உடைந்த முனைகள் அசைந்துகொண்டேயிருக்கும் காயத்தில், புதிதாக முளைக்கும் நுண்குழாய்கள் ஒவ்வோர் அசைவிலும் அறுபடுகின்றன. அசையாத எலும்பைச் சுற்றியே சதை உயிர்த்தெழும். காயம் சுத்தமானதாகவும் மூடத்தக்கதாகவும் இருந்தால் ராடு. சந்தேகமிருந்தால் தற்காலிகமாக வெளிச்சட்டம். இங்கும் கேள்வி, உலோகத்தின் மேல் உயிருள்ள சதை எப்போது வரும் என்பதற்கே திரும்பிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உயிரைக் காக்கும் நோக்கத்துக்கு 48 மணி பொருத்தமான எல்லைதான். டிபியாவின் கதியோ மூன்றாம் நாளிலும் நான்காம் நாளிலும், பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் இருக்கும் ஊருக்கு நோயாளி போய்ச் சேர்ந்தாரா என்பதில் முடிவாகிறது. அதற்குமுன் கடந்து வரும் சிறிய மருத்துவமனையில் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும் எளியவை. காயத்தைத் துழாவிப் பார்ப்பதும், அழுக்கு உள்ளே இருக்க இறுக்கித் தைத்து அனுப்புவதும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் பெரிய அழுக்கை எடுத்து, செல்போனில் ஒரு படம் பிடித்து, சலைன் தோய்த்த துணியால் மூடி, காலை நேராக்கிக் கட்டை கட்டினால் போதும். அடுத்தடுத்து வரும் மருத்துவர்கள் ஒவ்வொருவரும் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் அந்தப் படத்தைப் பார்க்கட்டும். டெட்டனஸ் ஊசியோடு செஃபாசொலின் என்ற ஆன்டிபயாடிக்கின் முதல் தவணையையும் அங்கேயே போட்டுவிடலாம். அதற்கு அறுவை அரங்கமோ எலும்பு மருத்துவரோ தேவையில்லை. கூடவே போகும் சீட்டில் ஊசி போட்ட மணியையும் நிமிடத்தையும் எழுதி அனுப்ப வேண்டும். பெரிய மருத்துவமனைகளின் பதிவேட்டிலும் ‘அறுவை அரங்குக்கு வந்த நேரம்’ என்ற பத்திக்கு அருகே, முதல் ஆன்டிபயாடிக்கின் நேரம், வெட்டிச் சுத்தம் செய்தவரின் பெயர், எலும்பு மூடப்பட்ட தேதி என்ற மூன்று பத்திகள் சேர்ந்தால், எந்த ஊரில் எந்தக் கட்டத்தில் கால்கள் இழக்கப்படுகின்றன என்பதை ஓராண்டிலேயே கணக்கிட்டுவிட முடியும்.